ஐயமும் தெளிவும்

நுழையும்முன்

சுவரொட்டி, நாளிதழ், தொலைக்காட்சி, கைப்பேசி என ஒவ்வொரு நாளும் எண்ணற்ற செய்திகள் மனிதரைத் தேடி வருகின்றன. வாங்குக, வாக்களியுங்கள், வெறுத்திடுங்கள், பகிருங்கள் என்று அவை பல குரலில் அழைக்கின்றன. அவற்றுள் மெய்யும் உண்டு; மெய்போலத் தோன்றுவனவும் உண்டு. எல்லாவற்றையும் நம்பிவிடுவது எளிது. எதையும் நம்பாதிருப்பதும் அதே அளவுக்கு எளிது. இவ்விரண்டுக்கும் அப்பால் உள்ள ஆய்ந்தறியும் வழியை, வரலாற்றில் நிகழ்ந்த சில பரப்புரைகளைக் கொண்டு இப்பாடம் ஆராய்கிறது.

மருத்துவர் கையில் சிகரெட்

1946ஆம் ஆண்டு முதல் அமெரிக்க இதழ்களில் ஒரு விளம்பரம் தொடர்ந்து வெளிவந்தது. வெண்ணிற மேலங்கி அணிந்த மருத்துவர் ஒருவர் கனிந்த முகத்துடன் காட்சியளிப்பார். அவர் கையில் சிகரெட் இருக்கும். வேறு எந்தச் சிகரெட்டையும்விடக் கேமல் சிகரெட்டையே மிகுதியான மருத்துவர்கள் புகைக்கின்றனர் என்பது விளம்பரத்தின் செய்தி. நாடு முழுவதும் 1,13,597 மருத்துவர்களிடம் கேட்டறிந்த முடிவு இது என்றும் அதில் குறிக்கப்பட்டிருந்தது.

இவ்விளம்பரத்தில் பொய் எங்கே இருக்கிறது என்று தேடினால் எளிதில் அகப்படாது. சிகரெட் உடலுக்கு நல்லது என்று அது கூறவில்லை. நோயாளிகளைப் புகைக்குமாறு மருத்துவர்கள் பரிந்துரைத்தனர் என்றும் கூறவில்லை. புகைக்கும் மருத்துவர்களுள் மிகுதியானோர் எந்த நிறுவனத்தின் சிகரெட்டைத் தேர்ந்தெடுத்தனர் என்பதை மட்டுமே கூறியது. புகைக்காத மருத்துவர் எத்தனை பேர் என்பதற்கு அங்கே இடமே இல்லை. மருத்துவரே புகைக்கும்போது அது எப்படித் தீங்காகும் என்னும் முடிவை விளம்பரம் எழுதவில்லை. படித்தவர் மனமே எழுதிக்கொண்டது. பிறர் சொன்ன முடிவை ஐயுறுகின்ற மனம், தானே எட்டியதாகக் கருதும் முடிவை ஐயுறுவதில்லை. திறமையான பரப்புரை, இறுதிச் சொல்லைக் கேட்பவரிடமே விட்டுவைப்பதற்கு இதுவே காரணம்.

அடுத்து, அந்த எண்ணைக் கவனிக்க வேண்டும். ஏறத்தாழ ஓர் இலட்சம் என்று சொல்லியிருந்தால், எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று யாரேனும் கேட்டிருக்கக்கூடும். 1,13,597 என்று கடைசி இலக்கம்வரை சொல்லும்போது, இவ்வளவு நுட்பமாக எண்ணியவர் பொய் சொல்லமாட்டார் என்று மனம் அடங்கிவிடுகிறது. ஆனால், எண் எவ்வளவு நுட்பமானது என்பதும் அது எப்படிப் பெறப்பட்டது என்பதும் வேறுவேறு கேள்விகள். அக்கணக்கெடுப்பை நடத்தியது, சிகரெட் நிறுவனத்தின் விளம்பரப் பணியை ஏற்றிருந்த முகவர் நிறுவனமே ஆகும். அதன் பணியாளர்கள் மருத்துவ மாநாடுகளிலும் மருத்துவர்களின் அலுவலகங்களிலும் அவர்களைச் சந்தித்தனர். பெரும்பாலும் கேமல் சிகரெட்டை அன்பளிப்பாக அளித்த பிறகே, எந்தச் சிகரெட்டை விரும்புகிறீர்கள் என்று கேட்டதாக மருத்துவ வரலாற்று ஆய்வாளர்கள் பின்னாளில் கண்டறிந்தனர். கையில் பரிசைக் கொடுத்துவிட்டுப் பரிசின் பெயரைக் கேட்டால் வேறு என்ன விடை கிடைக்கும்? படத்தில் கனிவுடன் காட்சியளித்தவர்களோ, மருத்துவர் வேடம் பூண்ட நடிகர்கள்.

இந்த ஒரு விளம்பரத்திலிருந்தே பகுப்பாய்வின் அடிப்படைக் கேள்விகள் பிறந்துவிடுகின்றன. இதைச் சொல்பவர் யார்? அவருக்கு இது எப்படித் தெரியும்? எதனோடு எதை ஒப்பிடுகிறார்? எதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்? இவற்றுள் கடைசிக் கேள்வியே கடினமானது. சொன்னதைச் சரிபார்க்கக் கண் போதும். சொல்லாததைக் காண, அப்பொருள் பற்றிய அறிவு சிறிதேனும் வேண்டும்.

பதியம் போட்ட சொல்

மருத்துவரைக் காட்டிச் சிகரெட் விற்றது தீது என்றால், புகழ்பெற்றவரைக் காட்டி மக்களை இணங்கவைக்கும் எல்லாச் செய்திகளும் தீயனவா? அப்படிச் சொல்லிவிட முடியாது. 1995ஆம் ஆண்டு இந்தியாவில் போலியோ சொட்டுமருந்து இயக்கம் தொடங்கியது. திரைப்பட நடிகர் அமிதாப் பச்சன் தொலைக்காட்சியில் தோன்றி, குழந்தைகளுக்குச் சொட்டுமருந்து கொடுக்குமாறு பெற்றோரை வற்புறுத்தினார். அவர் மருத்துவர் அல்லர். நோய்த்தடுப்பு அறிவியல் கற்றவரும் அல்லர். அவருடைய புகழும் குரலுமே அங்குப் பயன்பட்டன. இந்தியாவின் கடைசிப் போலியோ பாதிப்பு 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் பதிவாயிற்று. 2014 மார்ச் 27 அன்று, இந்தியாவை உள்ளடக்கிய தென்கிழக்கு ஆசிய வட்டாரம் போலியோ அற்றது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்றது.

எனவே, உத்தியை மட்டும் பார்த்து ஒரு செய்தியை நல்லது என்றோ தீயது என்றோ தீர்ப்பளித்துவிட முடியாது. சொட்டுமருந்து பற்றிய செய்தியைப் பெற்றோர் தம் ஊர்ச் செவிலியரிடம் கேட்கலாம், மருத்துவரிடம் கேட்கலாம், ஆய்வு நூல்களில் தேடலாம். எங்குச் சென்று கேட்டாலும் அச்செய்தி தாங்கி நிற்கும். கேமல் விளம்பரமோ, கணக்கெடுத்த முறையை ஒருவர் கேட்ட மறுநொடியே சரிந்துவிடும். சோதனையைத் தாங்குவது ஒன்று. சோதனையை விரும்பாதது மற்றொன்று.

தெரிந்து தெளிவோம்

பரப்புரையைக் குறிக்க ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் ‘புரொபகாண்டா’ என்னும் சொல் இலத்தீன் மூலம் கொண்டது. செடியைப் பதியம் போட்டுப் பெருக்குவதைக் குறித்த வினையிலிருந்து அது பிறந்தது. 1622ஆம் ஆண்டு பதினைந்தாம் கிரகோரி என்னும் திருத்தந்தை, சமயத்தைப் பரப்புவதற்காக உரோமில் நிறுவிய பேராயத்தின் பெயரில் இச்சொல் இடம்பெற்றது. வஞ்சகம் என்னும் சாயல் அதற்கு அப்போது இல்லை. முதல் உலகப்போருக்குப் பின்னரே அச்சாயல் சொல்லின்மீது அழுத்தமாகப் படிந்தது.

ஈஸ்டர் நாள் ஊர்வலம்

1929ஆம் ஆண்டு மார்ச் 31, ஈஸ்டர் பெருநாள். நியூயார்க் நகரின் ஐந்தாம் நிழற்சாலையில் மக்கள் புத்தாடை அணிந்து உலா வருவது வழக்கம். அவ்வுலாவின் நடுவே இளம்பெண்கள் சிலர் சிகரெட்டைப் பற்றவைத்துப் புகைத்தபடி நடந்தனர். பெண்கள் பொது இடத்தில் புகைப்பது தகாதது என்று கருதப்பட்ட காலம் அது. தம் கையிலிருந்தவை சிகரெட்டுகள் அல்ல, விடுதலையின் தீப்பந்தங்கள் என்னும் கருத்து அவர்கள்வழி வெளிப்பட்டது. நாளிதழ்கள் அதைப் பெண்ணுரிமைச் செய்தியாக வெளியிட்டன.

அந்த ஊர்வலத்தைத் திட்டமிட்டவர் எட்வர்டு பெர்னேஸ். உளப்பகுப்பாய்வை நிறுவிய சிக்மண்ட் பிராய்டின் உறவினர். லக்கி ஸ்டிரைக் சிகரெட்டை விற்ற அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனம் அவரைப் பணியமர்த்தியிருந்தது. பெண்கள் புகைக்காதிருந்தால் சந்தையில் பாதி கைக்கு எட்டாமல் போகும் என்பதே நிறுவனத்தின் கவலை. அமெரிக்கப் பெண்கள் நாடு தழுவிய வாக்குரிமை பெற்று அப்போது ஒன்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. அவர்கள் போராடிப் பெற்ற ‘விடுதலை’ என்னும் சொல்லின் வெப்பத்தை எடுத்து, பெர்னேஸ் ஒரு விற்பனைப் பொருளில் ஏற்றிவிட்டார்.

கேமல் விளம்பரத்தைப் படித்தவருக்கு அது விளம்பரம் என்பதாவது தெரியும். ஐந்தாம் நிழற்சாலைச் செய்தியைப் படித்தவருக்கு அதுவும் தெரியாது. விளம்பரத்திற்குப் பணம் கொடுத்தவர் பெயர் செய்தியில் இல்லை. நிகழ்ச்சியையே உருவாக்கி, அதைப் பிறர் செய்தியாக எழுதுமாறு விட்டுவிடுவது விளம்பரத்தைவிட வலிமையானது. இன்று, ஒரு பொருளைப் புகழும் இளைஞரின் காணொளியில் ‘பணம் பெற்று வெளியிடப்படுவது’ என்னும் குறிப்பு இருக்கிறதா என்று தேடவேண்டிய தேவை இதே காரணத்தால் எழுவதே.

சரக்காக மாறிய ஐயம்

பரப்புரை என்றதும், ஒன்றை நம்பவைக்கும் முயற்சி என்றே பெரும்பாலோர் கருதுகின்றனர். நம்பாமல் இருக்கச் செய்வதும் பரப்புரையே என்பதை அடுத்த நிகழ்ச்சி காட்டுகிறது. இருபதாம் நூற்றாண்டில் மிகுந்த உயிர்ச்சேதத்தை விளைவித்த பரப்புரைகளுள் இதையும் ஒன்றாக எண்ணலாம்.

புகைப்பழக்கத்திற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950ஆம் ஆண்டில் இருவேறு நாடுகளில் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். இங்கிலாந்தில் ரிச்சர்டு டால், பிராட்போர்டு ஹில் ஆகியோர். அமெரிக்காவில் எர்னஸ்ட் வைண்டர், எவர்ட்ஸ் கிரகாம் ஆகியோர். 1953ஆம் ஆண்டு இறுதியில், சிகரெட் புகையின் தாரை எலிகளின் தோலில் தடவியபோது புற்றுக்கட்டிகள் தோன்றியதை வைண்டர் குழுவினர் வெளியிட்டனர். சிகரெட் விற்பனை ஆட்டங்கண்டது. அவ்வாண்டு டிசம்பரில் பெரிய சிகரெட் நிறுவனங்களின் தலைவர்கள் நியூயார்க்கின் பிளாசா விடுதியில் கூடினர். ஹில் அண்ட் நோல்ட்டன் என்னும் மக்கள் தொடர்பு நிறுவனத்தின் துணையை நாடினர்.

1954 ஜனவரி 4 அன்று, அமெரிக்காவின் 400-க்கும் மேற்பட்ட நாளிதழ்களில் முழுப்பக்க அறிக்கை ஒன்று வெளிவந்தது. புகைப்பவர்களுக்கு விடுக்கும் வெளிப்படையான அறிக்கை என்பது அதன் தலைப்பின் பொருள். அதன் நடையை ஊன்றிப் படிப்பவர் வியப்படைவர். அதில் சினம் இல்லை. ஆய்வாளர்கள்மீது பழி இல்லை. மக்களின் உடல்நலமே தங்கள் முதன்மைப் பொறுப்பு என்று நிறுவனங்கள் உறுதி கூறின. எலிகள்மீது செய்த ஆய்வைக்கொண்டு இறுதி முடிவுக்கு வர இயலாது என்றும், புற்றுநோயின் காரணம் பற்றி வல்லுநர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை என்றும், மேலும் ஆய்வு நடத்தத் தாங்களே நிதி அளித்து ஒரு குழுவை அமைப்பதாகவும் அவை தெரிவித்தன. ஒவ்வொன்றும் நடுநிலையாளரின் சொல்போல ஒலித்தது. இன்னும் ஆராய வேண்டும் என்பதை யார்தான் மறுப்பர்?

சிகரெட் தீங்கற்றது என்று மெய்ப்பிக்கும் தேவை அந்நிறுவனங்களுக்கு இல்லை. இன்னும் தெளிவாகவில்லை என்று மக்கள் எண்ணினாலே போதும். அதுவரை விற்பனை நடக்கும். 1964ஆம் ஆண்டு அமெரிக்கத் தலைமை மருத்துவ அலுவலரின் அறிக்கை, புகைப்பழக்கம் நுரையீரல் புற்றுநோயை விளைவிக்கிறது என்று அரசின் சார்பில் அறிவித்தது. அதன் பிறகும் நிறுவனங்களின் விடை மாறவில்லை. ஐயம்தான் தாங்கள் உற்பத்தி செய்யும் பொருள் என்னும் கருத்துப்பட, 1969ஆம் ஆண்டில் ஒரு சிகரெட் நிறுவனத்தின் உள்குறிப்பு எழுதப்பட்டது. வழக்குகளின் விளைவாக இத்தகைய உள்ளாவணங்கள் 1990களில் பெருமளவில் வெளிச்சத்திற்கு வந்தன. 2006ஆம் ஆண்டு அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர், சிகரெட் நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாகப் பொதுமக்களை ஏமாற்றின என்று தீர்ப்பளித்தார். உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, புகையிலையால் ஆண்டுதோறும் உயிரிழப்போர் 70 இலட்சத்திற்கும் மேற்பட்டோர்.

இங்கே ஒரு நுட்பமான சிக்கல் எழுகிறது. ஐயுறுதல் அறிவியலின் உயிர்நாடி. அதே ஐயத்தை ஒருவர் சரக்காக விற்கும்போது, மெய்யான ஐயத்தையும் புனைந்த ஐயத்தையும் எவ்வாறு பிரித்தறிவது? சொற்களில் வேறுபாடு தெரியாது, காலப்போக்கில் தெரியும். மெய்யாகவே ஐயுறுபவர், எத்தகைய சான்று கிடைத்தால் தம் ஐயம் நீங்கும் என்பதைச் சொல்ல முன்வருவார். சான்று கிடைத்ததும் இடம்பெயர்வார். புனைந்த ஐயமோ இடம்பெயராது. 1954இல் கேட்ட சான்று 1964இல் கிடைத்தபோது, அது வேறொரு சான்றைக் கேட்டது. உங்களுக்கு எது கிடைத்தால் போதும் என்னும் ஒற்றைக் கேள்வியைச் சிகரெட் நிறுவனங்களிடம் தொடக்கத்திலேயே அழுத்தமாகக் கேட்டிருந்தால், விடையின்மையே விடையாக அமைந்திருக்கும்.

தெரிந்து தெளிவோம்

இந்தியாவில் 2003ஆம் ஆண்டின் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருள்கள் சட்டம், புகையிலைப் பொருள்களை நேரடியாகவோ மறைமுகமாகவோ விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. எனினும், புகையிலைப் பொருளுக்குரிய அதே பெயரிலும் அதே வண்ண உறையிலும் ஏலக்காய் போன்ற வேறொரு பொருளை விளம்பரம் செய்யும் வழக்கம் தோன்றியது. இதைப் பதிலி விளம்பரம் என்பர். காட்டப்படுவது ஏலக்காய், நினைவூட்டப்படுவது வேறு.

ஏழு பெயர்கள்

1937ஆம் ஆண்டு நியூயார்க்கில் பரப்புரைப் பகுப்பாய்வு நிறுவனம் என்னும் அமைப்பு தோன்றியது. ஐரோப்பாவில் இட்லரும் முசோலினியும் வானொலியையும் மேடையையும் கைக்கொண்டிருந்த காலம். அமெரிக்காவிலேயே பாதிரியார் சார்லஸ் காக்லின் வானொலி வழியே யூதர் வெறுப்பைப் பரப்பிவந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளைடு மில்லர் முதலானோர், பரப்புரையின் உத்திகளுக்கு ஏழு பெயர்களைச் சூட்டி, பள்ளி மாணவர்களுக்குக் கற்பித்தனர். எதிராளிக்குப் பழிப்பெயர் சூட்டுதல், பளபளப்பான பொதுச்சொற்களைத் தூவுதல், ஒன்றன் மதிப்பை வேறொன்றுக்கு ஏற்றுதல், புகழ்பெற்றவரைச் சான்றாக நிறுத்துதல், உங்களில் ஒருவன் என்று காட்டிக்கொள்ளுதல், சாதகமான சான்றுகளை மட்டும் அடுக்குதல், ஊரே வருகிறது நீயும் வா என்று அழைத்தல் ஆகியன அவை. விடுதலைத் தீப்பந்தம் இவற்றுள் எதைச் சார்ந்தது, மருத்துவர் படம் எதைச் சார்ந்தது என்பதை மாணவர்கள் எளிதில் கூறிவிடுவர்.

அந்த எளிமையே இம்முறையின் குறையும் ஆகும். செய்யுளில் உள்ள அணியின் பெயரைச் சொல்லிவிட்டுச் செய்யுளின் பொருளை அறியாமல் போவது போன்றது, உத்தியின் பெயரைச் சொல்லிவிட்டுச் செய்தியின் மெய்ம்மையை ஆராயாமல் விடுவது. போலியோ இயக்கத்திலும் ‘சான்றாளரை நிறுத்துதல்’ இருந்தது; சொட்டுமருந்து பயன் தந்தது. இம்முறையைப் பயின்ற மாணவர்கள் ஏமாறாமல் இருக்கக் கற்றதோடு எதையும் நம்பாமல் இருக்கவும் கற்றுவிடுவர் என்னும் குறைகூறல் அக்காலத்திலேயே எழுந்தது. அமெரிக்கா இரண்டாம் உலகப்போரில் நுழைந்ததையடுத்து, 1942ஆம் ஆண்டு அந்நிறுவனம் தன் பணியை நிறுத்திக்கொண்டது. நாடே போர்ப் பரப்புரையில் இறங்கிவிட்ட நிலையில் அப்பரப்புரையைப் பகுத்தாராய்வது கடினமாயிற்று.

ஒரு சொல் விளைத்த கேடு

எதையும் நம்பாமை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு, முதல் உலகப்போரில் பிறந்த ஒரு பொய்யின் வரலாற்றைக் காணலாம். 1917 ஏப்ரலில் ஜெர்மானிய நாளிதழ் ஒன்றின் செய்தியாளர், போர்க்களத்திற்குப் பின்புறம் இருந்த ஒரு தொழிற்சாலையைப் பற்றி எழுதினார். அங்கே ‘கடாவர்’களிலிருந்து கொழுப்பு எடுக்கப்படுவதாக அவர் குறிப்பிட்டிருந்தார். ஜெர்மானிய மொழியில் அச்சொல் பொதுவாக இறந்த விலங்கின் உடலைக் குறிக்கும். போரில் குதிரைகள் பெருந்தொகையில் மடிந்துகொண்டிருந்தன. ஆனால், அச்சொல்லின் ஆங்கில வடிவம் மனிதப் பிணத்தையும் குறிக்கும். தம் வீரர்களின் உடல்களையே ஜெர்மானியர் உருக்குகின்றனர் என்று இலண்டன் நாளிதழ்கள் செய்தி வெளியிட்டன. அது உலகெங்கும் பரவியது. எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1925 டிசம்பரில், பிரிட்டனின் வெளியுறவுச் செயலர் ஆஸ்டின் சேம்பர்லின், அக்கதைக்கு அடிப்படை இல்லை என்னும் ஜெர்மனியின் மறுப்பை நாடாளுமன்றத்தில் ஏற்றுக்கொண்டார்.

வரலாறு அத்துடன் முடிந்திருந்தால் அது வெறும் வேடிக்கைக் கதையாக இருந்திருக்கும். இரண்டாம் உலகப்போரின்போது, நாசிகள் யூதர்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றுவந்த செய்திகள் 1942 முதல் வெளியுலகை எட்டின. இம்முறை அவை மெய். ஆயினும், பிணத் தொழிற்சாலைக் கதையால் ஒருமுறை ஏமாந்தவர்களுள் பலர், இதுவும் போர்க்காலப் புனைவே என்று ஒதுக்கினர். தாம் விழிப்பாக இருப்பதாகவே அவர்கள் கருதியிருப்பர். பொய்யை நம்பியது முதல் ஏமாற்றம். அப்பொய்யை நினைந்து மெய்யை மறுத்தது இரண்டாம் ஏமாற்றம். முன்னதைவிடப் பின்னது கொடியது.

திருக்குறளின் அறிவுடைமை அதிகாரம், சொல்பவர் யாராயினும் சொல்லின் மெய்ம்மையைத் தேடச் சொல்கிறது. மெய்யுணர்தல் அதிகாரம், தோற்றத்தைக் கடந்து உண்மையைக் காணச் சொல்கிறது. பரப்புரையின் இரு பெருங்கருவிகளும் சொல்பவரின் மதிப்பும் செய்தியின் தோற்றமுமே ஆதலால், அவ்விரு குறள்களையும் இங்கே இணைத்துப் பார்ப்பது தகும். ஒருவர் இடைமறித்து, ‘இதைச் சொல்பவர் யார்’ என்னும் கேள்வியே அறிவுடைமைக் குறளுக்கு முரண் அல்லவா என்று கேட்கலாம். முரண் இல்லை. சொல்பவர் யார் என்பது தீர்ப்பு அன்று; எங்கே தேடத் தொடங்க வேண்டும் என்பதற்கான குறிப்பு. சிகரெட் நிறுவனம் சொன்னது என்பதனாலேயே ஒரு கூற்று பொய்யாகிவிடாது. பகைநாட்டினர் சொன்னது என்பதனாலேயே ஒரு கொடுமை நிகழாததாகிவிடாது.

வெட்டப்பட்ட காட்சி

2016ஆம் ஆண்டு பாகிஸ்தானின் கராச்சி நகரில், குழந்தைகளின் பாதுகாப்புக்காகப் பணியாற்றும் ஓர் அமைப்பு குறும்படம் ஒன்றை வெளியிட்டது. தெருவில் சிறுவர்கள் கிரிக்கெட் விளையாடுகின்றனர். மோட்டார் சைக்கிளில் வந்த இருவருள் ஒருவர் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொள்ள, வண்டி விரைகிறது. அடுத்த நொடிகளில் வண்டி திரும்பி வருகிறது, குழந்தை இறக்கிவிடப்படுகிறது. குழந்தையைக் கடத்த ஒரு கணமே போதும், விழிப்பாக இருங்கள் என்னும் வாசகம் காட்டப்படுகிறது. பெற்றோரை எச்சரிக்க எடுக்கப்பட்ட நல்ல படம் அது.

யாரோ அதன் இறுதிப் பகுதியை வெட்டினர். எஞ்சிய பகுதி, கண்காணிப்புக் கருவியில் பதிவான உண்மைக் கடத்தல் போலவே இருந்தது. 2018இல் அது வாட்ஸ்அப் வழியே இந்தியாவின் பல பகுதிகளில் பரவியது. அதனோடு, குழந்தை கடத்துவோர் ஊருக்குள் புகுந்துவிட்டதாக எழுத்துச் செய்திகளும் குரல் பதிவுகளும் பல மொழிகளில் உலவின. அயலூரைச் சேர்ந்தவர் என்பதொன்றையே குற்றமாகக் கொண்டு, பல மாநிலங்களில் அப்பாவி மக்கள் அடித்துக் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்துடன் சென்ற மூதாட்டி ஒருவர் வழியில் சிறுவர்களுக்கு மிட்டாய் கொடுத்தார். அவரைக் குழந்தை கடத்துபவர் என்று கருதிய கூட்டம் தாக்கியதில் அவர் உயிரிழந்தார்.

அச்செய்திகளைப் பகிர்ந்தவர்களுள் பெரும்பாலோர் தீயவர் அல்லர். தம் பிள்ளைகள்மீது கொண்ட அன்பினால் பகிர்ந்தவர்கள். 1954இன் அறிக்கைக்குப் பின்னால் பணம் பெற்ற வல்லுநர்கள் இருந்தனர். 2018இன் வதந்திக்கு அப்படிப்பட்டவர்கள் தேவைப்படவில்லை. அச்சம் ஊட்டி, உடனே பகிர் என்று விரைவுபடுத்தும் எந்தச் செய்தியும் ஆராய்வதற்குரிய காலத்தைப் பறித்துவிடுகிறது. அவ்வாண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப இயலாதவாறு வரம்பு விதித்தது. அந்த வரம்பு யாருக்கும் மெய்யைக் கற்பிக்கவில்லை, சற்றே தாமதப்படுத்தியது. தாமதத்திற்கும் மதிப்பு உண்டு.

பக்கத்தை விட்டு வெளியேறுதல்

அந்தக் காணொளியை எத்தனை முறை திரும்பத் திரும்பப் பார்த்திருந்தாலும் அது வெட்டப்பட்டது என்பது தெரிந்திராது. விடை காணொளிக்குள் இல்லை. இதையொத்த உண்மையை, அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ஆகியோர் 2017இல் வெளியிட்ட ஆய்வு வெளிப்படுத்தியது. வரலாற்றுப் பேராசிரியர்கள் 10 பேர், செய்திச் சரிபார்ப்பாளர்கள் 10 பேர், அப்பல்கலைக்கழக மாணவர்கள் 25 பேர் ஆகியோரிடம் சில இணையதளங்களைக் கொடுத்து, அவற்றின் நம்பகத்தன்மையை மதிப்பிடச் சொன்னார்கள். பேராசிரியர்களும் மாணவர்களும் கொடுக்கப்பட்ட பக்கத்தை மேலிருந்து கீழாகக் கவனமாகப் படித்தனர். நேர்த்தியான வடிவமைப்பையும் பெயரின் தகுதியையும் கண்டு அவர்களுள் பலர் ஏமாந்தனர். சரிபார்ப்பாளர்களோ பக்கத்தில் நெடுநேரம் தங்கவில்லை. உடனே வெளியேறி, அந்த அமைப்பைப் பற்றிப் பிறர் என்ன எழுதியுள்ளனர் என்று வேறு பக்கங்களில் தேடினர். குறைவாகப் படித்து விரைவாக உண்மையை எட்டினர். இதற்குப் பக்கவாட்டு வாசிப்பு என்று பெயர்.

பள்ளியில் பயிலும் ஊன்றிய வாசிப்புக்கு இது மாறானதாகத் தோன்றலாம். இலக்கியப் பனுவலை ஊன்றிப் படிப்பது முறை. அப்பனுவல் படிப்பவரை ஏமாற்ற முனைவதில்லை. அறியாத ஒருவர் அனுப்பிய செய்தியை அவ்வாறு ஊன்றிப் படிப்பது, அவர் வகுத்த வழியிலேயே நடப்பதாகும். காணொளியிலிருந்து ஒரு காட்சியை நிலைப்படமாக எடுத்து இணையத்தில் தேடினால், அது முன்பு எங்கே, எப்போது வெளிவந்தது என்பது பல நேரங்களில் தெரியவரும். செய்தியில் ஊர்ப்பெயர் இருந்தால், அவ்வூர்க் காவல்நிலையத்தையோ அங்குள்ள உறவினரையோ தொலைபேசியில் கேட்கலாம். ஊர், நாள், பெயர் எதுவுமே இல்லாத செய்தி, சரிபார்ப்பதற்கான வாயில்களை அடைத்துவிட்டே வருகிறது. வந்த செய்திக்குச் சாதகமான சான்றை மட்டும் தேடாமல், அதற்கு எதிரான சான்று உண்டா என்று தேடுவதும் வேண்டும். தமக்குப் பிடித்த கருத்தைச் சொல்லும் செய்தியில் இதைச் செய்வதே பலருக்கும் கடினமாக இருக்கிறது. எதிர்க்கருத்தை ஆராய ஆயிரம் கேள்விகள் எழுப்புபவர், தம் கருத்தோடு ஒத்துப்போகும் செய்தியை ஒரு கேள்வியும் இன்றிப் பகிர்ந்துவிடுகிறார்.

கற்பவை கற்றபின்

நாளிதழிலோ தொலைக்காட்சியிலோ வந்த விளம்பரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது வெளிப்படையாகக் கூறும் செய்தியையும் கூறாமலே உணர்த்தும் செய்தியையும் தனித்தனியே எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.

உங்கள் குடும்பக் குழுவிற்கு வந்த முன்னனுப்பிய செய்தி ஒன்றைப் பக்கவாட்டு வாசிப்பு முறையில் சரிபார்த்து, எந்தெந்த வழிகளில் தேடினீர்கள், எங்கே உண்மை அகப்பட்டது அல்லது அகப்படவில்லை என்பதைப் பதிவு செய்க.

நீங்கள் உறுதியாக நம்பும் கருத்து ஒன்றை எடுத்துக்கொண்டு, எத்தகைய சான்று கிடைத்தால் அக்கருத்தை மாற்றிக்கொள்வீர்கள் என்பதை ஒரு பத்தியில் எழுதுக.